புதுப்பிப்பு: மாமாவின் குரல் பதிவுகள்

மாமா தவறிய மறுவாரம் இங்கே கேட்டிருந்தேன், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழியாமல் எடுத்துவைப்பது எப்படி என்று. நீங்கள் சொன்னபடி 'எக்ஸ்போர்ட் சாட்' போய், மீடியாவையும் சேர்த்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டேன். 43 கிடைத்தன. விடுபட்ட சிலவற்றை அத்தையின் போனில் இருந்து எடுத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பயந்துகொண்டே ஒன்றைப் போட்டேன். போன வருஷம் குற்றாலம் கிளம்பிய காலையில் அனுப்பியது. ரயில் நிலைய அறிவிப்புக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! உங்கள் அத்தை இன்னும் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பதால், நமது வேன் நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்படும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

யாரும் பேசவில்லை. அப்புறம் அத்தைதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே அழவும் செய்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். ஏழு தடவை போட்டோம்.

மாமா ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் வைகையில் இறங்கும்போது தோல் பையில் இருந்து தண்ணீர் பீய்ச்சுவார். அழகரைவிட நாங்கள்தான் அதிகம் நனைவோம். துக்கம் என்பதால் வருகிற சித்திரைக்குப் போக முடியாது. அதற்கடுத்த சித்திரைக்கு அவருடைய தோல் பை யாருக்கு என்று பொடிசுகளுக்குள் இப்போதே சண்டை.