தொகுப்பு வீட்டுப் பழுது: சித்திரையில் கேட்டதன் தொடர்ச்சி

திருவையாற்றுப் பக்கம் தனியே வசிக்கும் பெரியம்மாவின் தொகுப்பு வீட்டில் (அரசுத் திட்டத்தில் கட்டித் தந்த வீடு) கூரைக்காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது, அதைச் சீர்செய்ய அரசு உதவி கிடைக்குமா என்று சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன்.

பலர் சுட்டிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் புது வீடு கட்டத்தான் பணம் தருகிறது. பழுதுக்கு அது பொருந்தாது. எங்களுக்குப் பொருந்தியது, அரசுத் திட்டங்களில் 2001-க்கு முன் கட்டப்பட்ட சுமார் 2.5 லட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க மாநில அரசு 2024-இல் அறிவித்த திட்டமே. ஊராட்சியில் மனு கொடுத்தோம். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்து அளவெடுத்துச் சென்றார்.

தடங்கல் வேறிடத்தில் வந்தது. பட்டா இன்னும் காலமான பெரியப்பாவின் பெயரிலேயே இருந்ததால், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுவதற்குள் குறுவை நடவே முடிந்துவிட்டது. (இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது என் வேலை.)

மனு இப்போது ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. ஐப்பசி அடைமழைக்குள் ஆணை வராவிட்டால், படுக்கையறைக் கூரையை மட்டும் கைக்காசில் பூசிவிடுவதென்று முடிவெடுத்திருக்கிறோம்.