நீலக்குறிஞ்சியும் தப்பிப்போகும் பருவமும்: மலையில் கண்டதை இங்கே எழுதுங்கள்

பேரிஜம் காற்று:
மூணாறிலும் கொடைக்கானலிலும் நீலக்குறிஞ்சி 1982, 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்த முறை 2030. பூக்கிற வருஷத்துப் படங்கள் எல்லாரிடமும் குவிந்து கிடக்கின்றன. பூக்காத வருஷங்களில் செடி எப்படி இருக்கிறது, எங்கே குறைகிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மலையேறுகிறவர்கள் கவனித்ததை இங்கே போடுங்கள்.

"போன வாரம் குறிஞ்சி பூத்தது" என்று படம் போடுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் பல உண்டு. வருஷா வருஷம் பூப்பது, சில வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, 12 வருஷம் காத்திருப்பது எனப் பல வகை. நீலக்குறிஞ்சி என்றால் திறந்த புல்வெளிச் சரிவில், வெயிலில் நிற்கும். இலை விளிம்பில் சிறு பற்கள் இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறிய சாம்பல் நிறமாக, மயிர் அடர்ந்து தெரியும். பூ கதிரில் வரும், மணி வடிவம், வெளிர் நீலத்தில் தொடங்கி ஊதா ஏறும். சோலை நிழலுக்குள் நீண்டு வளர்ந்து பூத்திருந்தால் பெரும்பாலும் வேறு இனம். இலையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்தால் வீண் விவாதம் மிச்சம்.

சரிவுப்புல்:
காலநிலை மாறினால் பூ வாடும் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். இந்தச் செடிக்கு ஆபத்து வரும் இடங்கள் வேறு. வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும் செடி இது. பழைய செடி அடுத்த வருஷம் மறுபடி முயல முடியாது. ஆகையால் பூக்கிற வருஷத்து ஆகஸ்ட் முதல் இரண்டு வருஷம் தள்ளி வரும் கோடை முடியும் வரை வானிலை ஒத்துழைத்தே ஆக வேண்டும். கிட்டத்தட்ட 22 மாதம். அதில் நான்கு கண்டங்கள்.

முதல் கண்டம் பூக்கும் மாதங்கள், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு அடுக்குத் தேனீக்கு. மழை கொட்டும்போது அது கூட்டை விட்டு வராது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். மூணாறில் பூப்பு தள்ளிப்போனது, ரோடும் துண்டித்துப்போனது. சுற்றுலா நஷ்டத்தைப் பற்றித்தான் அப்போது பேச்சு. மழையில் அடிபட்டு, தேனீ வராமல் உதிர்ந்த பூவிலிருந்து விதை கிடையாது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது, காய் முற்றும் பனிக்காலமும் அதை ஒட்டிய வறட்சியும். அந்த நேரம் சரிவு முழுக்கக் காய்ந்த குறிஞ்சித் தண்டு, ஒரு தீக்குச்சி போதும். பருவமழை சீக்கிரம் முடிந்து கோடை நீண்டால் காய் வெடிக்கும் முன்பே தீ வந்துவிடுகிறது. தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற வேலையைப் பூத்த வருஷத்தில் வழக்கத்தைவிட முன்கூட்டியே முடிக்க வேண்டியது இதனால்தான். புல்லைக் கொளுத்திப் புதுப்புல் எடுக்கிற பழக்கம் உள்ள சரிவுகளில் அந்த ஒரு கோடையாவது தீ வைக்கக் கூடாது.

மூன்றாவது முளைப்பு. முதல் மழைக்கு நாற்று மொத்தமாக வரும், புல் தூர்களுக்கு நடுவே பச்சைப் பாய் விரித்த மாதிரி. கோடைமழை இரண்டு நாள் பெய்து முளைக்க வைத்துவிட்டு அடுத்த மூன்று வாரம் காய்ந்தால், இரண்டு இலை விட்ட நாற்று சுருண்டுவிடும். விதை ஒரே நேரத்தில் முளைத்துவிடுவதால் மறுபடி முளைக்கக் கையிருப்பு அதிகம் இருக்காது. எதிர்முனையும் உண்டு: 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையில் சரிவின் மேல்மண்ணே வழுக்கி இறங்கும்போது விரல் நீள வேர் என்ன செய்யும்?

நான்காவது, நாற்று சந்திக்கும் முதல் முழுக் கோடை. அதைத் தாண்டிவிட்டால் செடி கெட்டியாகிவிடும். அதன் பிறகு காற்று, பனி எதையும் தாங்கும்.

கற்பூரக்காடு:
@சரிவுப்புல் அண்ணே, நாலு கண்டமும் சரி. ஐந்தாவதாக உறைபனியைச் சேருங்கள். உறைபனி விழுவதால் கெடுதல் இல்லை, விழாமல் போவதுதான் கெடுதல். டிசம்பர், ஜனவரி உறைபனி புல்வெளிக்குள் நுழையும் மரக்கன்றுகளைக் கருக்கும். புல்வெளி புல்வெளியாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரவுக் குளிர் குறையக் குறைய மரங்கள் துணிந்து உள்ளே வருகின்றன. வருவது சோலை மரம் என்றால் பரவாயில்லை, முன்னால் வருவது சீகை, அதாவது வாட்டில் எனும் வெளிநாட்டு மரம். நட்டு வளர்த்த காலம் போய் இப்போது அது தானாகவே பரவுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மட்டப் புல்வெளியில் 1973 முதல் 2017 வரை சுமார் 23% போயிருப்பதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சி நிற்காது.

சீகையை வெட்டுவதில் நடக்கும் தப்பு ஒன்று. பெரிய மரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுவரை மண்ணில் தூங்கிய விதைக்கு வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாக முளைக்கும். விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். வெட்டின கட்டையை எரிக்கிறோம் என்று அங்கேயே நெருப்பு வைப்பது விதைப்பு விழா நடத்துவதற்குச் சமம். சரியான வரிசை இது: முதலில் நல்ல புல்வெளியின் ஓரத்தில் தனித்தனியாக நிற்கும் இளங்கன்றுகள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் இருப்பதை வேரோடு பிடுங்கவும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு ஒடியும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அடர்ந்த தோப்பைக் கடைசிக்கு வைக்கவும். திறந்த இடத்தில் உள்ளூர்ப் புல் தூர்களைப் பிரித்து ஜூன் மழையோடு ஓர் அடி இடைவெளியில் நடவும். அடுத்த ஐந்தாறு வருஷமாவது ஆண்டுக்கு இரண்டு முறை திரும்பி வந்து பிடுங்க ஆள் இல்லையென்றால் தோப்பில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

மலைநாற்று:
விதை சேகரித்து நாற்றங்காலில் வளர்த்து நடலாமே? இன்னும் உயரமான இடத்துக்குக் கொண்டுபோனால் குளிரும் கிடைக்கும்.

சரிவுப்புல்:
முதலில் சட்டம். நீலக்குறிஞ்சி இப்போது வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. பறித்தாலோ பிடுங்கினாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை. வீட்டில் வளர்ப்பதும் கூடாது. ரோட்டோரத்தில் கொத்தாக விற்பதை வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (ஐ.யு.சி.என்.) 2024-இல் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது.

உயரமான இடம் என்கிறீர்கள், எங்கே இருக்கிறது? குறிஞ்சி ஏற்கெனவே 1340 மீட்டரிலிருந்து 2600 மீட்டர் வரை நிற்கிறது. ஆனைமுடியின் உச்சியே 2695 மீட்டர்தான். தொட்டபெட்டா 2637. இன்னும் ஏற மலை இல்லை. தானாக நகரவும் முடியாது. காய் வெடித்து விதை தாய்ச்செடியைச் சுற்றித்தான் விழும். 12 வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சிறு தூரம், நூறு வருஷத்தில் எட்டே தலைமுறை. இருக்கிற சரிவைக் காப்பாற்றுவதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. தொட்டியில் ஏழெட்டுச் செடி பூத்தாலும் பயன் குறைவு. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் பூத்துக் காய்த்தால்தான் பூச்சியும் பறவையும் தின்றது போக விதை மிஞ்சும். பருவம் தப்பிப் பூக்கிற ஒற்றைச் செடிகள் அநேகமாக இதில்தான் தோற்கின்றன.

பேரிஜம் காற்று:
2030-க்கு முன் எல்லாரும் ஒரே மாதிரி பதிவு செய்தால் உதவியாக இருக்கும். வனத்துறை அனுமதி உள்ள பாதையை விட்டு இறங்க வேண்டாம், மிதிபட்டாலே நாற்று போய்விடும். பாதையோரமாக ஒன்றுக்கு ஒன்று மீட்டர் சதுரம் மனதில் குறித்துக்கொண்டு, அதில் எத்தனை செடி, எவ்வளவு உயரம், பக்கத்தில் சீகைக் கன்று உண்டா என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, அதே திசையில் படம். பூ வந்துவிட்டால் பத்து நிமிஷம் நின்று எத்தனை தேனீ ஒரு கதிரில் உட்கார்ந்தது, அப்போது மழையா வெயிலா என்பதும் வேண்டும். ஒரு பூச்சிகூட வராவிட்டால் "0" என்று போடுங்கள், காலியாக விடாதீர்கள்.

எஸ்டேட்காரர்கள் வெப்பமானி வைப்பதாக இருந்தால் ஆள் உயரத்தில் மட்டும் வைத்துப் பயனில்லை. அங்கே 3 டிகிரி காட்டும்போது கீழே புல் நுனியில் பனி உறைந்திருக்கும். இன்னொன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பகல் வெயில் படாமல் மூடி போட்டு வையுங்கள். சீகைக் கன்று கருகுமா தழைக்குமா என்பது அந்த உயரத்துக் குளிரைப் பொறுத்தது.

கற்பூரக்காடு:
பகிரும்போது ஜி.பி.எஸ். புள்ளியைப் பொதுவில் போடாதீர்கள். மலையின் பெயர் போதும். துல்லியமான இடத்தை வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் கொடுங்கள்.