பழைய அறிவியல் புனைகதைகளில் உங்களை விடாமல் பற்றிக்கொண்ட ஓர் இடம்: அனுபவப் பகிர்வு

கடற்கரைச்சாலை எழுதியது:

ஜூல்ஸ் வெர்ன் படைத்த கேப்டன் நீமோவை உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் கதையைச் சொல்லப்போவதில்லை. மன்னார் வளைகுடாவில் நடக்கும் அந்த ஓர் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மூன்று வாரங்களாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

பள்ளி நாட்களில் நான் வாசித்தது நூறு பக்கச் சுருக்கப் பதிப்பு. அதில் பெருங்கணவாயுடன் நடக்கும் சண்டை இருந்தது, தென்துருவம் இருந்தது, மன்னார் இல்லை. இந்த ஆண்டு, பழைய அறிவியல் புனைகதைகளை அவை வெளிவந்த வரிசையிலேயே வாசித்துவிடுவது என்று உறுதிபூண்டு, 1869-70இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்' நாவலை முழு மொழிபெயர்ப்பில் எடுத்தேன். இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் நீமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் இலங்கைக் கரைக்கு வருகிறது. நீமோவும் பேராசிரியர் அரோனாக்ஸும் கடலடியில் நடந்துகொண்டிருக்கும்போது மேலே ஒரு படகின் நிழல் விழுகிறது. கூம்பு வடிவக் கல்லொன்றைப் பாதங்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர் இறங்குகிறார். அடியைத் தொட்டதும் மண்டியிட்டு முத்துச் சிப்பிகளைப் பையில் அள்ளுகிறார். மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றைப் பிடித்து மேலேறி, மறுபடியும் இறங்குகிறார்.

என் தந்தையார் இளமையில் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அந்தக் கல்லையும் கயிற்றையும் மண்டியிடுதலையும் நான் அவர் வாயால் கேட்டே வளர்ந்தேன். பிரான்சைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதை எழுதிவைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. பிறகு சுறா வருகிறது. குத்துவாளோடு நீமோ அதை எதிர்கொள்கிறார். அவரே வீழும் தறுவாயில் உடன் வந்த ஈட்டிக்காரர் நெட் லேண்டின் ஈட்டி சுறாவின் நெஞ்சில் பாய்கிறது. மயங்கிய மனிதரைப் படகில் ஏற்றித் தெளிவித்து, அவர் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டு நீமோ திரும்புகிறார். எதற்காக உயிரைப் பணயம் வைத்தீர்கள் என்பதுபோல் பேராசிரியர் பேச்செடுக்கும்போது, அந்த மனிதர் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவர் என்றும் கடைசி மூச்சுவரை தானும் அந்த நாட்டவனே என்றும் நீமோ விடையளிக்கிறார்.

நீமோ உண்மையில் யார் என்பது இந்த நூலில் வருவதில்லை. வெர்ன் அவரை முதலில் ரஷ்யாவை எதிர்க்கும் போலந்துப் பிரபுவாகத்தான் எண்ணியிருந்தார்; பதிப்பாளர் அதற்கு இசையவில்லை. 1875இல் நிறைவுற்ற 'மர்மத் தீவு' நாவலில்தான் அவர் இந்தியாவின் புந்தேல்கண்ட் அரச குடும்பத்து இளவரசர் தக்கார், 1857 எழுச்சியில் போரிட்டுத் தோற்றவர் என்று தெரியவருகிறது. அதை அறிந்தபின் திரும்பிப்போய் மன்னார் அத்தியாயத்தை மீண்டும் வாசித்தேன். அந்தப் படகில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கணம் முற்றிலும் வேறாக இருந்தது. தலையில் பெரிய செப்புக் கவசத்தோடு குனிந்து நிற்பது தன் நாட்டு மனிதர் என்று அந்த முத்துக்குளிப்பவருக்கு எப்படித் தெரியும்? சிறுவனாக எனக்குக் கிடைத்த நூலில் யாரோ ஒருவர் இந்த அத்தியாயத்தைத் தேவையற்றது என்று முடிவுசெய்து எடுத்திருக்கிறார். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.


இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் வருத்தம் புரிகிறது என்றாலும், சுருக்கப் பதிப்புகள் மீது அவர் கொண்ட சினத்தை நான் ஏற்கவில்லை. அந்த நூறு பக்கம் கையில் கிடைத்திராவிட்டால் அவர் பிற்பாடு முழு நூலைத் தேடியே போயிருக்க மாட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நானூறு பக்க நூலைக் கொடுத்தால், மீன் இனங்களின் பெயர்ப்பட்டியல் வரும் இடத்திலேயே அது மூடப்பட்டுவிடும்.

என் அனுபவம் சிறியது. எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' 1895இல் வெளிவந்தது. யாரும் சுருக்கத் தேவையில்லாத அளவுக்கு மெல்லிய நூல். 8,02,701ஆம் ஆண்டில் காலப் பயணி பச்சைப் பீங்கான் மாளிகை என்ற பாழடைந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார். ஒரு கூடத்தில் கந்தல் கொடிகளைப்போல் ஏதோ தொங்குகின்றன. சற்று நேரம் கழித்துத்தான் அவை நூல்களின் மிச்சம் என்று உணர்கிறார். அப்போது அவருக்கு முதன்மையாக நினைவுக்கு வருவது ஒளியியல் பற்றித் தாம் எழுதிய 17 ஆய்வுக் கட்டுரைகள்.

பணி ஓய்வுபெற்ற வாரத்தில், என் குறிப்பேடுகளையெல்லாம் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்ட அன்று மாலையில், இதை வாசித்தேன். மனிதகுலம் இரண்டாகப் பிரிந்து உருவான எலோய்களும் மோர்லாக்குகளும் எல்லாரும் பேசுகிற செய்தி. எனக்கு அந்தப் பதினேழு என்ற எண் மட்டுமே நிற்கிறது. மனிதகுலத்தின் அறிவு முழுவதும் தூளாகிக் கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் தம் கட்டுரைகளின் எண்ணிக்கையை மறக்காமல் இருக்கிறார். வெல்ஸ் அதை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.


பனிமலர் எழுதியது:

உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) நூலை வாசித்தவர்களுக்கு மட்டுமே இது விளங்கும், பொறுத்தருள்க. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, சில நாள் எதையும் வாசிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், நான் வாசித்துக்கொண்டிருந்த கதையையே இரவில் அவருக்குத் தமிழில் சொல்லிவந்தேன். கெதன் கோளின் மக்கள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். 26 நாள் சுழற்சியில் சில நாட்கள் மட்டும் ஏதோ ஒன்றாக ஆவார்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தேன். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தக் கோளைச் சேர்ந்த முதன்மைப் பாத்திரமான எஸ்த்ராவனைக் குறிக்க எனக்கு ஒரு தயக்கமும் ஏற்படவில்லை. 'அவர் வந்தார், அவர் சொன்னார்' என்று போய்க்கொண்டே இருந்தேன்.

பனிப்பாலையில் ஏறத்தாழ 800 மைல் தூரம் எஸ்த்ராவனும் பூமியிலிருந்து வந்த ஜென்லி ஆயும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகும் பகுதிக்கு வந்த இரவில் அம்மா குறுக்கிட்டார்: "ஏம்மா, அந்த எஸ்த்ராவன் பொம்பளையாச்சே, அவ்வளவு பாரத்தை எப்படி இழுப்பா?"

நான் திகைத்துவிட்டேன். எஸ்த்ராவன் உணவை நாள்தோறும் அளந்து பங்கிடுகிறார், அடுப்பைக் கவனிக்கிறார், ஆய் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார். இவற்றைக் கேட்ட அம்மா, நான் ஒருமுறைகூட அப்படிச் சொல்லாதபோதும், தாமாகவே அவரைப் பெண்ணாக்கிக்கொண்டார். நானோ அதே எஸ்த்ராவனை இருநூறு பக்கங்களாக ஆணாகவே கண்டுகொண்டிருந்திருக்கிறேன், ஏனெனில் ஆங்கில மூலத்தில் அவருக்கு வழங்கும் சொல் 'ஹீ'. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது அம்மாவின் கேள்விதான்.

அந்தச் சொல்லைத் தேர்ந்ததற்காக லெ குவின் நெடுங்காலம் விமர்சிக்கப்பட்டார். 1976இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் காரணம் சொன்ன அவரே, 1987இல் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் சேர்த்துத் தம் எண்ணம் மாறியதை மறைக்காமல் எழுதினார். நம் மொழியில் 'அவர்' என்ற சொல் இருக்கிறது, வினைமுற்றும் 'ஆர்' என்றே முடிகிறது. அவர் தேடிக் கிடைக்காதது நம்மிடம் தயாராக இருக்கிறது என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. எல்லையில் எஸ்த்ராவன் சுடப்பட்டு விழும் பகுதியைச் சொன்னபோது, அம்மா மருந்திட்ட கண்களை மூடிக்கொண்டே, கடைசிவரை அவருக்கு வயிறார ஒருவேளை சாப்பாடு கிடைக்கவில்லையே என்றார். அப்போது அம்மாவும் 'அவர்' என்றே சொன்னார்.


வடக்குமாடம் எழுதியது:

பனிமலரின் அனுபவம் அருமையானது. ஆனால் 'அவர்' என்ற சொல் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது என்ற முடிவை ஏற்க இயலவில்லை. அது பாலை நீக்குகிறது, கூடவே மரியாதையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நாவலின் தொடக்கத்திலேயே மன்னர் எஸ்த்ராவனைத் துரோகி என்று அறிவித்து, மூன்று நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறார். அந்த அறிவிப்பைத் தமிழில் 'அவர்' என்று எழுதினால் அதில் சினம் இருக்காது; 'அவன்' என்று எழுதினால் பால் வந்துவிடும். ஆகவே நமக்கும் அங்கே சொல் இல்லை.

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையில் வருங்கால வரலாற்றைக் கணிதத்தால் முன்கூட்டியே கணித்த ஹாரி செல்டன் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆனபின், அவருடைய பதிவுசெய்யப்பட்ட உருவம் காலப் பெட்டகத்தில் தோன்றுகிறது. அவர் கணிப்பில் இல்லாத ம்யூல் என்ற படையெடுப்பாளரின் படை நெருங்கிக்கொண்டிருக்கிறது. செல்டனோ வணிகர்களுடனான உள்நாட்டுப் போரைப் பற்றி அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நிகழாத ஒன்றைப் பற்றி. அதை வாசித்தபோது என் கை நடுங்கியது, நூலை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் அந்த நடுக்கம் உங்களுக்கும் வாய்க்க வேண்டுமானால் வாசிக்கும் வரிசை முக்கியம் என்பதால் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கதைக்குள் நடக்கும் கால வரிசையில் தொடங்காதீர்கள். 1988இலும் 1993இலும் வெளிவந்த முன்கதை நூல்கள் செல்டனின் இளமையைச் சொல்பவை. அவற்றை முதலில் வாசித்தால் செல்டன் உங்களுக்கு நன்கு பழகிய மனிதராகிவிடுவார், பெட்டகத்தில் தோன்றும் உருவத்துக்குரிய தொலைவு போய்விடும். 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நூல்களை முதலில் முடியுங்கள். இவை தொடக்கத்தில் நாவல்களே அல்ல, 1942 முதல் 1950 வரை இதழில் தனித்தனிக் கதைகளாக வந்தவை; முதல் நூலின் முதற்பகுதி மட்டுமே நூலுக்கென்று புதிதாக எழுதப்பட்டது. ஆகையால் ஒரே மூச்சில் வாசித்தால், முந்தைய பகுதியில் பழகிய பாத்திரங்கள் எல்லாரும் காணாமல் போவது எரிச்சலூட்டும். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். அந்தக் காலத்து வாசகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னட்டையையும் முன்னுரையையும் படிக்காதீர்கள்; ம்யூல் யார் என்பதை அவற்றில் எங்காவது சொல்லிவிடும் பதிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நூல்களும் முடிந்தபின் ஓராண்டு கழித்து 1982இன் தொடர்ச்சிக்குச் செல்லுங்கள். அதற்கு முன் அசிமோவின் ரோபோக் கதைகளை வாசித்துவிடுவது நல்லது, ஏனெனில் பிற்காலத்தில் அவர் இரண்டு உலகங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டார்.


தனிவீடு எழுதியது:

வரிசையைப் பற்றி இவ்வளவு எழுதிய வடக்குமாடம், எந்த மொழிபெயர்ப்பு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அசிமோவுக்கு அந்தக் கவலை இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதாதவர்களுக்கு அதுதான் முதற்கவலை. வெர்னின் நாவலை 1872இல் ஆங்கிலமாக்கியவர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை வெட்டிவிட்டார், நெடுங்காலம் அதுவே மறுபடி மறுபடி அச்சிடப்பட்டது. ஸ்தனிஸ்வாவ் லெம் 1961இல் போலிஷ் மொழியில் எழுதிய 'சோலாரிஸ்' 1970இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பிரெஞ்சு வழியாகவே வந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த லெம் அதில் நிறைவு கொள்ளவில்லை. போலிஷிலிருந்து நேரடி ஆங்கிலப் பெயர்ப்பு 2011இல்தான் வந்தது. பழைய பெயர்ப்பில் ரேயா என்றிருந்தவளின் உண்மையான பெயர் ஹாரே என்று எனக்குத் தெரியவந்ததும் அப்போதுதான்.

நான் எழுத வந்தது அவளுடைய உடையைப் பற்றி. சோலாரிஸ் என்ற கோளின் உணர்வுள்ள கடல், அங்குள்ள ஆய்வு நிலையத்துக்கு வந்த கதாநாயகன் கெல்வினின் நினைவிலிருந்து அவனுடைய இறந்துபோன மனைவியை உருவாக்கி நிலையத்துக்கு அனுப்புகிறது. விண்கலத்தில் ஏற்றுவதற்காக அவளுக்கு வேறு உடை அணிவிக்க வேண்டியிருக்கிறது. அவள் அணிந்திருக்கும் வெள்ளை உடையில் முன்புறம் சிவப்புப் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அவை வெறும் அலங்காரம். அந்த உடையை எங்கும் திறக்க முடியாது. அவன் அதை வெட்டித் திறக்கிறான். மறுபடி அவள் வரும்போது அதே உடையோடு வருகிறாள், அதையும் வெட்ட வேண்டியிருக்கிறது. பிறகு அறையில் ஒரேபோன்ற இரண்டு உடைகள் கிடக்கின்றன.

என் மனைவி மறைந்து நான்காண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்கத்தை வாசித்த இரவில், அவள் வெளியே போகும்போதெல்லாம் எடுத்துச்சென்ற பழுப்புநிறக் கைப்பையை நினைவுபடுத்திப் பார்த்தேன். அதன் நிறம் தெரிந்தது, தோளில் உரசித் தேய்ந்த வார் தெரிந்தது, ஓரத்தில் ஒட்டியிருந்த மருதாணிக் கறைகூடத் தெரிந்தது. அது எப்படித் திறக்கும், ஜிப்பா, பொத்தானா, காந்தமா என்பது தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் என் கண்முன்னே அவள் அதைத் திறந்து மூடியிருக்கிறாள். பை பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.


கடற்கரைச்சாலை எழுதியது:

தனிவீடு ஐயாவுக்கு என்ன மறுமொழி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதையும் யோசித்தேன். சுருக்கப் பதிப்பு எனக்குச் செய்த நன்மையை மறுக்கவில்லை, ஆயினும் மன்னார் அத்தியாயத்தை வெட்டியதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பனிமலர் தம் அம்மாவுக்குச் சொன்னதைப் படித்ததும், நேற்று அந்த அத்தியாயத்தை என் தந்தையாருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கல்லைப் பற்றிச் சொன்னபோது, சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றார். சுறா வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. நீமோ முத்துப் பையைக் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கிய இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தக் காலத்தில் குளித்து எடுக்கும் சிப்பியில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போய்விடும், கரையேறும் ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள் என்று அவருடைய தாத்தா சொல்லியிருக்கிறாராம். "அத்தனை முத்தையும் அந்த மனுஷன் எங்கப்பா கொண்டுபோய் ஒளிச்சிருப்பான்? யாரு குடுத்தான்னு கேட்டா என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நாட்டிலஸ் புறப்பட்டுவிடுகிறது, அந்த மனிதர் அதன்பின் நாவலில் வருவதில்லை.