லெஸ் பால் கழுத்தில் பிளவு: ஒட்டினால் நிற்குமா?

அடையாறு ஆறுதந்தி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் கிப்சன் லெஸ் பால் ஸ்டுடியோ கிதார் ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் அது ஸ்டாண்டோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததில், நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்து செல்லும் சிறு பட்டை) சற்று மேலே, கழுத்தின் முதுகுப்புறத்தில் சாய்வாக ஒரு பிளவு விழுந்துவிட்டது. தந்திகளை முறுக்கும் டியூனர்கள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் தனியாகக் கழன்று வரவில்லை. முகப்பில் ஒட்டியுள்ள கறுப்புத் தகடு அதைக் கீல் போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தந்திகளை முறுக்கினால் பிளவு வாய் திறக்கிறது. தளர்த்திவிட்டு விரலால் அழுத்தினால் மயிரிழைக் கோடாக மூடிக்கொள்கிறது. ஓரத்தில் சில சிராய்கள் கிளம்பி நிற்கின்றன.

எங்கள் தெருவில் உள்ள மரப்பட்டறைக்காரர், வெள்ளைப் பசை தடவி இரண்டு திருகாணி இறக்கினால் போதும் என்கிறார். இசைக்கருவிக் கடையில் விசாரித்தால், கழுத்தையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இதை ஒட்டினால் நிற்குமா, எந்தப் பசையைப் பயன்படுத்த வேண்டும், கைவேலை ஓரளவு தெரிந்த ஒருவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோதகத்தி

வணக்கம் நண்பரே. பிளவைத் திறந்து மூடிப் பார்ப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். புதிதாக உடைந்த மரத்தின் இரு முகங்களிலும் உள்ள நார்கள் ஒன்றுக்குள் ஒன்று அப்படியே பொருந்தும். அசைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றில் சில நசுங்கி மடங்கும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கோடு முழுமையாக மூடாது. கிளம்பி நிற்கும் சிராய்களையும் பிய்த்துவிட வேண்டாம், அவை ஒவ்வொன்றுக்கும் உள்ளே இடம் இருக்கிறது. தந்திகளைக் கழற்றிவிட்டு, தூசியும் கைப்பிசுக்கும் உள்ளே போகாமல் சுத்தமான துணியைச் சுற்றி வையுங்கள்.

இந்த இடத்தில் உடைவது உங்கள் கிதாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹெட்ஸ்டாக் 17 பாகை பின்சாய்வோடு ஒரே மகோகனிக் கட்டையிலிருந்து செதுக்கப்படுவதால், கழுத்தின் நீளவாக்கில் ஓடும் நார் அந்தச் சாய்வில் வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடுகிறது. போதாததற்கு, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் மரையைத் திருகுவதற்கான குழியையும் அதே இடத்தில்தான் தோண்டியிருக்கிறார்கள். 10 முதல் 46 வரையிலான (தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தந்தித் தொகுதி சுருதி சேர்த்த நிலையில் சுமார் 45 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுவையோடு பின்பக்கமாக விழும்போது, ஆறு டியூனர்களின் எடையைச் சுமந்த ஹெட்ஸ்டாக் விசிறியடிப்பதை அந்த மெல்லிய இடம் தாங்குவதில்லை. கிப்சன் நிறுவனமும் இதை அறியாமல் இல்லை. 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்தது. 1970-களில் கழுத்தின் முதுகில் ஒரு புடைப்பு விட்டுப் பார்த்தது, மேப்பிள் கழுத்தும் போட்டுப் பார்த்தது. பின்னர் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டது. வாங்குபவர்கள் 1950-களின் உருவத்தைக் கேட்கிறார்கள், உடையும் இடத்தையும் சேர்த்தே வாங்கிப் போகிறார்கள்.

கடைக்காரர் சொன்ன கழுத்து மாற்றம் ஃபெண்டர் நிறுவனத்தின் கிதார் வகைக்குப் பொருந்தும். அங்கே கழுத்து நான்கு திருகாணிகளில் நிற்கிறது, கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். லெஸ் பாலின் கழுத்தோ உடலுக்குள் பசையால் இறக்கப்பட்டது. அதைப் பிரித்தெடுத்துப் புதிய கழுத்தைச் செதுக்கி இறக்குவதற்கு ஆகும் செலவில் இன்னொரு நல்ல கிதாரே வாங்கிவிடலாம். உங்கள் பிளவுக்கு அது தேவையும் இல்லை.

பட்டறைவாசி

தோதகத்தி ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். நீங்கள் விவரித்திருப்பது ஒட்டுவதற்கு மிகவும் வசதியான உடைவு: சாய்வானது, புதியது, இதற்கு முன் பசை படாதது. சாய்வு நீளமாக இருக்க இருக்கப் பசை பிடிக்கும் பரப்பும் கூடும். நார் ஓட்டத்தோடு நன்றாக ஒட்டிய மகோகனி மீண்டும் விழுந்தால்கூடப் பெரும்பாலும் பசைக்கோட்டில் உடையாது, பக்கத்து மரத்தில்தான் உடையும்.

திருகாணி வேண்டவே வேண்டாம். ட்ரஸ் ராட் குழியால் ஏற்கெனவே மெலிந்த இடத்தில் மேலும் துளை போட்டு மரத்தை எடுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. பின்னாளில் யாராவது முறையாகச் சரிசெய்ய முயன்றால், அந்த இரும்பைத் தோண்டி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். வெள்ளை மரப்பசை மேசை நாற்காலிக்கு நல்லதுதான்; ஆனால் ஓயாத இழுவிசையில், அதுவும் வெயிலில் நிறுத்திய காருக்குள் இருப்பது போன்ற சூட்டில், அது மெதுவாக நெகிழ்ந்து கொடுக்கும். சூப்பர் குளூ நொறுங்கும் தன்மையுடையது. மரத்துக்குள் ஊறிவிட்டால் வேறு பசையும் அங்கே பிடிக்காது. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி, பிளவின் ஆழம் வரை போய்ச் சேர்வதற்குள் கெட்டியாகிவிடும். கிதார் பட்டறைகளில் இவ்வகை உடைவுக்கு வழக்கமாகப் பயன்படுவது டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மஞ்சள் மரப்பசை. நம் ஊரிலும் இணையவழியில் கிடைக்கிறது. பழைய புட்டியாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

பசையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவைதான் இந்த வேலையில் பெரும்பகுதி. ஹெட்ஸ்டாக் முகப்பில் உள்ள மூடியைக் கழற்றி, ட்ரஸ் ராட் மரையை முழுவதும் தளர்த்தி வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கடியில் அரைவட்ட வடிவில் ஒரு வாஷர் இருக்கும். அது குழிக்குள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராடின் புரிகளில் மெழுகைத் தேய்த்துவிடுங்கள். பிழிந்து வரும் பசை அந்தக் குழிக்குள் இறங்கும் என்பது ஏறக்குறைய நிச்சயம். அது புரியில் இறுகிவிட்டால் கழுத்தின் வளைவைப் பிறகு சரிசெய்யவே முடியாது. டியூனர்களையும் கழற்றிவிட்டால் கிளாம்ப் உட்காரத் தட்டையான இடம் கிடைக்கும்.

அடுத்து, பசை இல்லாமல் ஒருமுறை முழு ஒத்திகை. கழுத்தின் முதுகு வளைவுக்கு ஏற்ப உள்வளைவாகச் செதுக்கிய மரக்கட்டை ஒன்று, ஃபிரெட்போர்டின் (தந்திகளை விரலால் அழுத்தும் முன்பக்கப் பலகை) மேல் வைக்க ரப்பரோ கார்க்கோ ஒட்டிய கட்டை ஒன்று, ஹெட்ஸ்டாக் முகப்புக்கு ஒரு தட்டைக் கட்டை. இவற்றுக்கும் கிதாருக்கும் இடையில் பசை ஒட்டாத பிளாஸ்டிக் தாள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிளவு சாய்வாக இருப்பதால், மேலிருந்து கீழாக அழுத்தும்போது ஹெட்ஸ்டாக் அந்தச் சாய்விலேயே வழுக்கி மேலேறப் பார்க்கும். பசை தடவிய பிறகு இது இன்னும் மோசமாகும். எனவே ஹெட்ஸ்டாக்கின் நுனியிலிருந்து உடலை நோக்கி லேசாகத் தள்ளிப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்றும் வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீற்றாக வெட்டி, இழுத்து இறுக்கிச் சுற்றினாலும் எல்லாப் பக்கமும் சீரான அழுத்தம் கிடைக்கும். ஒத்திகையின்போது நகத்தால் கோட்டின் குறுக்கே வருடிப் பாருங்கள். படி தட்டினால் கட்டைகளை மாற்றியமைக்க வேண்டும்.

ஒட்டும்போது, முகப்புத் தகடு கிழியாத அளவுக்கு மட்டும் பிளவைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் கீற்றால் பசையை உள்ளே தள்ளுங்கள். மறுபக்கத்தில் வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்து உறிஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத மூலைக்கும் பசை போய்ச் சேரும். கோட்டின் முழு நீளத்துக்கும் இருபுறமும் பசை முத்து முத்தாகப் பிழிந்து வருகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் வரவில்லையென்றால் உள்ளே அங்கே காய்ந்த மரம் இருக்கிறது என்று பொருள். வெயில் காலத்தில் சில நிமிடங்களிலேயே மேற்பரப்பு இறுகத் தொடங்கும், ஆகவே காலையில் செய்வது நல்லது. வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ட்ரஸ் ராட் குழியைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். டப்பாவில் 24 மணி நேரம் என்று இருக்கும். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சில நாள் கூடுதலாக விட்டுவைத்த பிறகே தந்தி ஏற்றுவேன்.

வாலாஜா வாசிப்பு

பட்டறைவாசி அண்ணன் சொன்னது முழுவதும் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எல்லா உடைவுக்கும் வெறும் பசை போதும் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடைவு குட்டையாக, நாருக்குக் குறுக்கே நேராக விழுந்திருந்தாலோ, துண்டுகள் காணாமற்போயிருந்தாலோ, முன்பே யாரோ ஒட்டி மறுபடி விட்டிருந்தாலோ, மஞ்சள் பசைக்குப் பிடிமானம் இருக்காது. பழைய பசை ஊறிய முகங்களில் அது ஒட்டாது. அங்கே மெதுவாக இறுகும் எபாக்சியைப் பயன்படுத்திவிட்டு, கழுத்தின் முதுகில் சில மில்லிமீட்டர் மரத்தைச் சீவியெடுத்து, நீளவாக்கில் நார் ஓடும் புதிய மகோகனிப் பட்டையை ஹெட்ஸ்டாக் வரை வளைத்து ஒட்டுவார்கள். அது வீட்டில் செய்யும் வேலையன்று. இந்த நண்பருடைய பிளவு மயிரிழையாக மூடுகிறது என்பதால் அவருக்கு அது தேவைப்படாது.

அடையாறு ஆறுதந்தி

மூவருக்கும் மிக்க நன்றி. மரையைக் கழற்றிவிட்டேன், அரைவட்ட வாஷரும் கிடைத்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். ஒட்டிய பிறகு கோட்டின் மேல் பெயின்ட் அடித்து மறைக்க முடியுமா? இனிமேல் 10-இல் தொடங்கும் தொகுதியை விட்டு, மெல்லிய 9 அளவுத் தந்திகளுக்கு இறங்கிவிடுவது பாதுகாப்பா?

பட்டறைவாசி

மேற்பூச்சைப் பொறுத்தவரை, கிப்சன் பயன்படுத்துவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். புதிதாக அடிக்கும் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும் என்பதால், கோட்டில் சொட்டு சொட்டாக விட்டு நிரப்பி, நன்றாக இறுகியபின் மிக நைசான உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுச் சமன் செய்யலாம். உங்கள் கழுத்து, மரத்தின் நிறம் தெரியும் பளபளப்பில்லாத வகையாக இருந்தால், தேய்த்த இடம் மட்டும் மினுங்கித் தனியாகத் தெரியும். அப்படியே விட்டுவிடுவதே மேல். விற்கும்போது பழுதுபார்த்ததைச் சொல்லித்தான் விற்க வேண்டும், விலையும் வெகுவாகக் குறையும். ஆதலால் மறைப்பதற்குப் பணம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாலியெஸ்டர் பூச்சுள்ள மற்ற கிதார்களில் புதிய பூச்சு பழையதோடு கரைந்து கலக்காது என்பதையும் இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தந்தியை மாற்ற வேண்டியதில்லை. ஒட்டு சரியாக விழுந்திருந்தால் 10 அளவுத் தந்திகளை அது தாங்கும். சரியாக விழாவிட்டால் 9 அளவுத் தந்திகளும் அதைக் காப்பாற்றாது. முதலில் மரையைக் கையால் மட்டும் இறுக்கி, தந்திகளை இரண்டு சுரம் தாழ்த்தி ஏற்றி ஓர் இரவு விட்டுவையுங்கள். கோட்டின் மேல் பென்சிலால் குறுக்குக் கீறல்கள் சில போட்டுவைத்தால், காலையில் அவை விலகியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். விலகவில்லையென்றால் முழுச் சுருதிக்கு ஏற்றுங்கள். கழுத்து முன்னோக்கி வளைவதைப் பார்த்து, 5/16 அங்குலச் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாமல் மரையை இறுக்குங்கள்.