மூட்டுத் தேய்மானத்துக்கு வேறு சொல் வேண்டும்

திண்டுக்கல், இயன்முறை மருத்துவர்:

நம் கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. முழங்கால் வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவர்களுக்கும் கொடுப்பதற்காக. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒட்டி எழுதியிருக்கிறேன். வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடினால் வலி, காலை இறுக்கம் இல்லை அல்லது அரைமணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் எக்ஸ்ரே இல்லாமலே நோயை முடிவு செய்யலாம். உடற்பயிற்சி எல்லாருக்கும் உண்டு. பாரசிட்டமாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

தலைப்பில்தான் நிற்கிறேன். ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸுக்கு ஊரெல்லாம் சொல்வது மூட்டுத் தேய்மானம். அந்தச் சொல்தான் என் வேலையைக் கெடுக்கிறது. போன வாரம் ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையில் நாலாக மடங்கிய சீட்டு, எக்ஸ்ரே உறை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பத்துமுறை செய்யச் சொன்னேன். இரண்டோடு நிறுத்திவிட்டார். "சவ்வு தேஞ்சுபோச்சுன்னுட்டாங்க பாப்பா. இருக்கிறதையாவது மிச்சம் பிடிக்கணும்ல?" என்றார். செருப்பு தேய்கிறது என்றால் நடையைக் குறைப்போம். அவரும் அதைத்தான் செய்கிறார். வேறு சொல் தாருங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தேய் என்ற வேரைப் பழிக்காதீர்கள். தேய்பிறைக்குப் பின் வளர்பிறை உண்டு. நற்றிணை 284இல் இரண்டு களிறுகள் மாறிமாறி இழுக்கும் பழங்கயிறு போல என் உடம்பு அழியுமோ என்று ஒருவன் வருந்துகிறான். 'தேய்புரிப் பழங்கயிறு' என்ற அந்தத் தொடரே புலவருக்குப் பெயராகிவிட்டது. உடம்பைத் தேய்வோடு வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. எனக்குக் குறை 'மானம்' மீதுதான். வருமானம், கட்டுமானம், பெறுமானம் எல்லாவற்றிலும் இது வருகிறது. இது வடமொழி மானமா, தமிழ் ஈறா என்பதைத் தனியே பேச வேண்டும். நமக்கு அது தேவையே இல்லை. ஆய் ஆய்வு, ஓய் ஓய்வு, தேய் தேய்வு. மூட்டுத் தேய்வு என்று எழுதுங்கள்.

பாளையங்கோட்டை, சித்த மருத்துவர்:

இருக்கிற சொல்லை விட்டு ஏன் புதிது தேட வேண்டும்? நாங்கள் இதை அழல் கீல்வாயு என்கிறோம். கீல் என்றால் மூட்டு. கதவுக்கும் கீல்தான், காலுக்கும் கீல்தான். மடங்கி நிமிர்வதை இதைவிட எந்தச் சொல் சொல்லும்?

சென்னை, மருத்துவ மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, வாயு என்று அச்சடித்தால் உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். கீல்வாதம் என்பதையும் மூட்டு நோய் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். 'எலும்பு மூட்டழற்சி'தான் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான ஆக்கம்.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:

எலும்பு எங்களுக்குப் பேச்சு வழக்கு. நாங்கள் பாடத்தில் என்பு என்றுதான் எழுதுகிறோம். அந்த அம்மா சவ்வு என்றாரே, மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு, அது எங்களுக்குக் கசியிழையம். அதிலே இரத்தக்குழாய் கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

திண்டுக்கல், இயன்முறை மருத்துவர்:

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரத்தக்குழாய் இல்லாததால் மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் குருத்தெலும்புக்குச் சோறு. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து அதை வாங்கிக்கொள்கிறது. நடையை நிறுத்தினால் பட்டினி. தஞ்சாவூர் ஐயா, கயிற்றுக்கு உயிர் இல்லை. இழுக்க இழுக்க இற்றுப்போகும். முழங்கால் அப்படியில்லையே! பயிற்சி தொடங்கிய நாள்களில் வலி கொஞ்சம் கூடலாம். அப்போது 'தேய்கிறது' என்று நினைத்தால் அன்றோடு விட்டுவிடுவார்கள். அழற்சி என்றால் மாத்திரைதான் ஞாபகம் வரும்.

'மூட்டு நலிவு' எப்படி? நலிந்த உடம்பு தேறும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சென்னை, மருத்துவ மொழிபெயர்ப்பாளர்:

அழகாக இருக்கிறது அக்கா, ஆனால் யாருக்குப் புரியும்? நலிவடைந்த கலைஞர் என்று செய்தித்தாளில்தான் பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல், இயன்முறை மருத்துவர்:

நேற்று மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இருவருக்குப் புரியவில்லை. மூன்றாவது, அதே மஞ்சப்பை அம்மா. "நலிஞ்சு கிடக்கா? அப்ப தேத்திரலாம்" என்றார். ஆறு முறை எழுந்து உட்கார்ந்தார்.

அதனால் மேலே பெரிய எழுத்தில் 'முழங்கால் மூட்டு வலி', கீழே 'மூட்டு நலிவு'. தேய்மானம் எங்கும் வராது.

பாளையங்கோட்டை, சித்த மருத்துவர்:

சரி தங்கச்சி. கீல்வாயுவை அடைப்புக்குறியிலாவது போட்டிருக்கலாம்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

துண்டறிக்கை உங்களுடையது, நலிவு இருக்கட்டும். குழுவின் சொற்பட்டியலில் 'தேய்வு' என்றே பதிய வேண்டும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நலிவு பொதுச்சொல். பசியாலும் நலியலாம், வறுமையாலும் நலியலாம். மூட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை அது சொல்லவில்லை.

திண்டுக்கல், இயன்முறை மருத்துவர்:

குறித்துக்கொண்டேன் ஐயா. நாளை காலைக்குள் இன்னொன்று வேண்டும். அடங்கியிருந்த வலி திடீரென்று ஏறி, சில நாள் படுத்திவிட்டு இறங்குகிறதே, அதற்கு என்ன எழுதலாம்?