புதுப்பிப்பு: பழைய பக்ஸ்லிக்கு டயர் கிடைத்துவிட்டது

முதலில் நன்றி. 2005இல் அறிமுகமான சர்லி பக்ஸ்லி என்ற அகல டயர் சைக்கிள் என்னுடையது. அதன் 26×3.7 அங்குல எண்டோமார்ஃப் மாடல் டயர்கள் வயதாகிப் பக்கவாட்டில் வெடித்துவிட்டன, மாற்று என்ன என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

"26 என்பதை நம்பாதீர்கள், 559 என்ற எண்ணைத் தேடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. 559 என்பது டயர் ரிம்மில் உட்காரும் உள்விட்டம், மி.மீ. கணக்கில். உள்ளூரில் கிடைத்த 26×1½ டயரின் உள்விட்டம் 584 மி.மீ.; ரிம்மில் தொளதொளவென்று கிடந்தது. 559 என்று அச்சிட்ட 26×4.0 டயரை வரவழைத்தேன். 65 மி.மீ. ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தது.

எதிர்பாராத சிக்கல் சக்கரத்தில் வந்தது. கடற்காற்றில் நிப்பிள்கள் (கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டுகள்) உப்புப் பூத்து இறுகியிருந்தன. மண்டபம் ஊரில் சக்கரக் கோட்டம் எடுக்கும் அண்ணன், ரிம் ஒரு பக்கம் தள்ளியிருப்பதைப் பார்த்து நடுவுக்கு இழுக்கப் போனார். பதறித் தடுத்தேன். அகலமான டயரில் சங்கிலி உரசாமலிருக்க, பக்ஸ்லியின் பின்சட்டமே 17.5 மி.மீ. விலக்கிக் கட்டப்பட்டது, ரிம்மும் ஹப்பின் (சக்கரத்தின் மையக் குடம்) நடுவில் இருக்காது. இழுத்திருந்தால் டயர் சட்டத்தில் உரசியிருக்கும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரிச்சல்முனை மணலில் 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தோடு முன்சக்கரம் புதைந்தது. 8க்குக் குறைத்ததும் டயர் தட்டையாகப் பரந்து மேலேயே ஓடியது. வீடு திரும்பியதும் ஒரு குடம் நல்ல தண்ணீரில் கழுவி, நிப்பிள்களுக்கு எண்ணெய் விடுகிறேன்.