கேம் ஆடினால் பிள்ளை முரடனாவானா? விவாதத்தில் நிற்கிற ஆதாரம் எது, கவிழ்கிறது எது?

அவரைக்கொடி:
பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: வீடியோ கேம் வன்முறையை வளர்க்கிறதா? எனக்கு “இல்லை” தரப்பு. எதிர்த்தரப்பு எடுத்துவைக்கப் போவது அநேகமாக மூன்று. பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடத்தியவர்கள் கேம் ஆடியவர்கள். கேம் கெடுதல் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நிரூபித்துவிட்டன. தோற்றதும் பையன் கன்ட்ரோலரை வீசுகிறான், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?
“நானும்தான் ஆடினேன், நல்லாத்தானே இருக்கேன்” என்று எழுந்து நின்றால் சபை சிரிக்கும். குறுக்குக் கேள்விக்குத் தாங்குகிற ஆதாரம் மட்டும் சொல்லுங்கள்.

சராசரி மனிதன்:
இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். மொத்தச் சிக்கலும் அங்கேதான்.

ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் “ஆக்ரோஷம்”. கூட்டத்தில் பேசுகிறவர் வாயில் அது “வன்முறை” ஆகிவிடும். கத்துவது, தள்ளிவிடுவது ஒரு ரகம். கத்தி எடுப்பது வேறு ரகம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது இந்தக் கோட்டைத்தான் கிழித்தது: கத்தல், தள்ளல் போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, வன்முறைச் செயலுக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் பாதியை விழுங்கினால், எதிர்த்தரப்பு அதைத்தான் உங்கள் தலையில் போடும்.

அந்த “ஆக்ரோஷம்” எப்படி அளக்கப்படுகிறது என்று சபைக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். ஆய்வுக்கூடத்தில் அதிகம் புழங்கும் முறை இது: ஹெட்போன் மாட்டிய ஒருவர், அடுத்த அறையில் இருப்பவரோடு பட்டனை யார் முதலில் அழுத்துவது என்று போட்டி போடுகிறார். ஜெயித்தவர் தோற்றவர் காதில் இரைச்சல் பாய்ச்சலாம். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதை அவரே தேர்வு செய்வார். அடுத்த அறையில் உண்மையில் யாரும் கிடையாது, கம்ப்யூட்டர்தான். அவர் வைத்த சத்தம்தான் “ஆக்ரோஷ மதிப்பெண்”.

இதில் ஓட்டைகள் ஏராளம். இரைச்சல் கொடுப்பது விளையாட்டின் விதி, யாரும் தப்பு சொல்லப் போவதில்லை. எதிராளியின் கவனத்தைக் கலைத்து அடுத்த சுற்றில் ஜெயிக்கவும் சத்தத்தைக் கூட்டலாம், அது போட்டித் தந்திரம். அதைவிடப் பெரிய ஓட்டை, கணக்குப் போடுவதில். முதல் சுற்றை மட்டும் எடுப்பதா, எல்லாச் சுற்றின் சராசரியா, சத்தத்தை நேரத்தால் பெருக்குவதா? ஜெர்மன் உளவியலாளர் மால்ட்டே எல்சன் இந்த முறையைப் பயன்படுத்திய 130 வெளியீடுகளைத் திரட்டிப் பார்த்ததில், மதிப்பெண் போட்ட விதங்கள் 157! கட்டுரைகளைவிட அளவுகோல்கள் அதிகம். முழத்துக்கு முழம் நீளம் மாறினால் துணியை எப்படி அளப்பது?

கட்டைவிரல்:
முதல் கேள்விக்கு நான் வர்றேன். “சுட்டவன் கேம் ஆடினான்”னு சொன்னா, “சுடாதவன் எத்தனை பேர் ஆடினான்?”னு திருப்பிக் கேளுங்க. அமெரிக்காவுல பியூ ஆய்வு மையம் 2008-ல எடுத்த கணக்குல, 12 முதல் 17 வயசுக்காரங்கள்ல 97 சதவீதம் பேர் ஏதோ ஒரு கேம் ஆடுறாங்க. அப்படின்னா எந்த டீன்ஏஜ் குற்றவாளியை எடுத்தாலும் அவன் அநேகமா ஆடியிருக்கத்தான் செய்வான். செருப்பு போட்டிருந்தான்னு சொல்ற மாதிரிதான்.

அதுக்கு மேலயும் ஒரு சான்று இருக்கு. அமெரிக்க ரகசியக் காவல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974-லிருந்து 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ஞ்சு அறிக்கை விட்டாங்க. தாக்கினவங்க 41 பேர். வன்முறைக் கேம்ல ஈடுபாடு இருந்தது 12 சதவீதம் பேருக்கு. வன்முறைப் புத்தகத்துல 24, சினிமாவுல 27. தான் எழுதின கதை, கவிதை, டைரியில வன்முறை காட்டினவங்க 37 சதவீதம். கணக்கு எடுத்த காலத்துல பாதிக்கு மேல கேம் இவ்வளவு பரவலா இல்லைதான், அதையும் நீங்களே ஒத்துக்குங்க. இல்லைன்னா எதிர்த்தரப்பு சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. “கேம் விற்பனை ஏறுச்சு, குற்றம் இறங்குச்சு”ன்னு ஒரு கிராஃப் எல்லா இடத்துலயும் சுத்தும். அமெரிக்காவுல இளையோர் வன்முறைக் கைது 1990-களின் நடுவுல உச்சிக்குப் போய் அப்புறம் சரிஞ்சது நிஜம். டூம்ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம் வந்தது 1993. ஆனா குற்றம் குறையப் போலீஸ், பொருளாதாரம், போதைச் சந்தைன்னு ஆயிரம் காரணம். “கேம் குற்றத்தைக் குறைச்சுது”ன்னு சொன்னீங்கன்னா, அவங்க செய்ற அதே தப்பைத் தலைகீழா செய்றீங்க. “கேம் பெருவெள்ளமா வந்தும் குற்ற அலை எழலை” — அதோட நிறுத்திக்கணும்.

பக்கத்து சீட்:
ரொம்ப ஒருபக்கமாகப் போகிறது. ஆய்வுக்கூட இரைச்சலை விடுங்கள். 2018-ல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) 24 ஆய்வுகளை எடுத்தது, 17,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள், வயது 9 முதல் 19. இன்றைக்கு என்ன ஆடுகிறார்கள் என்று கேட்டு, பிற்பாடு அடிதடியில் இறங்கினார்களா என்று பார்த்தது. ஆரம்பத்திலேயே முரடாக இருந்தவர்களைக் கணக்கில் சரிக்கட்டிய பிறகும் தொடர்பு இருந்தது. இதற்கு என்ன பதில்?

சராசரி மனிதன்:
நல்ல கேள்வி. கூட்டத்திலும் இதைக் கேட்கக்கூடிய ஒருவராவது இருப்பார்.

தொடர்பு இருந்தது, உண்மை. எவ்வளவு? சரிக்கட்டிய பிறகு 0.08 அளவில். எண்ணை வீட்டுக் கணக்காக்கிப் பாருங்கள்: ஒட்டுறவுக் கெழு, அதாவது தொடர்பின் அளவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), 0.1 என்றே தாராளமாக வைப்போம். அதன் வர்க்கம் 0.01. பிள்ளைக்குப் பிள்ளை ஆக்ரோஷத்தில் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் கேமோடு சேர்த்துச் சொல்ல முடியும். பாக்கி 99 பங்கு வேறெங்கோ கிடக்கிறது. அந்த ஒரு பங்கும்கூட முழுக்கக் கேமின் வேலையா, வீட்டில் கண்காணிப்பு இல்லாததன் நிழலா என்பது சரிக்கட்டிய காரணிகளைப் பொறுத்தது.

எதிர்ப்பக்கத்தில் வைக்க 2019-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு இருக்கிறது. 14, 15 வயதுக்காரர்கள் சுமார் ஆயிரம் பேர். இரண்டு விஷயத்துக்காக எனக்கு அது பிடிக்கும். எந்தக் கேம் வன்முறையானது என்பதை ஆடுகிறவர் வாயால் கேட்காமல் அதிகாரபூர்வ வயதுத் தரச்சான்றை வைத்து முடிவு செய்தார்கள். பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டார்கள். இன்னொன்று, எந்தக் கணக்கைப் போடப் போகிறோம் என்று தரவு திரட்டும் முன்பே பதிவு செய்து கையைக் கட்டிக்கொண்டார்கள். 157 வழியில் ஒன்றைப் பிற்பாடு பொறுக்கும் வேலை அங்கே நடக்காது. கிடைத்தது: தொடர்பு இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில் ஒரு சோதனை. ஒரு குழு இரண்டு மாதம் தினமும் ஜிடிஏ 5 என்ற வன்முறைக் கேம், ஒரு குழு சிம்ஸ் 3 என்ற வன்முறை இல்லாத கேம், ஒரு குழு எதுவும் ஆடவில்லை. ஆக்ரோஷம், பச்சாதாபம் எதிலும் மோசமான மாற்றம் இல்லை. ஆனால் ஆடியவர்கள் பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

அவரைக்கொடி:
அருமை. மூன்றாவது இன்னும் பாக்கி. கன்ட்ரோலர் பறக்கிறதே?

இரண்டாம் கன்ட்ரோலர்:
பறக்கிறது. ஆனால் ஃபுட்பால் கேமிலும் பறக்கிறது, கார் ரேஸிலும் பறக்கிறது. ரத்தம் காரணம் என்றால் அங்கே ஏன்? 2014-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுதியில் டெட்ரிஸையே ஆடுகிறவருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி மாற்றி ஆடவிட்டார்கள். கட்டை அடுக்குகிற கேம், அதில் அடிப்பதற்கு ஆளே இல்லை. ஆடியவர்கள் எரிச்சலானார்கள். செய்ய நினைத்ததைச் செய்ய முடியாமல் போவதுதான் திரி.

அதனால் பெற்றோருக்கு இந்தப் பட்டியலைக் கொடுங்கள், விவாதத்தைவிட உபயோகப்படும்:

1. “பத்து நிமிடத்தில் அணை” என்று கடிகாரத்தை வைத்துச் சொல்லாதீர்கள். ஆன்லைன் மேட்ச்சை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. ரேங்க் (தரவரிசை) ஆட்டத்தில் பாதியில் வெளியேறினால் பாயின்ட் போகும், சிலவற்றில் தற்காலிகத் தடையும் விழும். “இந்த மேட்ச்சோடு சரி” என்று மேட்ச் தொடங்கும் முன் சொல்லுங்கள்.

2. பிங் (நம் கருவியிலிருந்து கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். 150 மில்லிசெகண்டுக்கு மேல் போனால், திரையில் அடித்தது சர்வரில் விழாமல் போகலாம். பையன் பார்வையில் அது அநியாயம். வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டு, பின்னால் ஓடும் டவுன்லோடை நிறுத்தினாலே பாதி கத்தல் குறையும்.

3. கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமலே கேமில் பாத்திரம் நகர்கிறதா? ஸ்டிக் தேய்ந்திருக்கலாம். செட்டிங்கில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கேம் கண்டுகொள்ளாத எல்லையை) 5 முதல் 10 சதவீதம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டிவியில் கேம் மோடு (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாவிட்டால் அழுத்தியதற்கும் அசைவதற்கும் இடைவெளி விழும். அதுவும் எரிச்சல்தான்.

4. வாய்ஸ் சாட்டை “நண்பர்கள் மட்டும்” என்று மாற்றுங்கள். ஐரோப்பாவின் பெகி எண்ணும் (3, 7, 12, 16, 18) அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி எழுத்தும் கேமின் உள்ளடக்கத்துக்கான தரம். முகம் தெரியாதவன் மைக்கில் திட்டுவதற்கு யாரும் தரம் போடவில்லை. பிள்ளைகள் கெட்ட வார்த்தையை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள், துப்பாக்கியிலிருந்து இல்லை.

பக்கத்து சீட்:
அப்போ பத்து வயதுப் பிள்ளைக்கு 18 போட்ட கேமைக் கொடுக்கலாம் என்கிறீர்களா?

இரண்டாம் கன்ட்ரோலர்:
கூடாது. குற்றவாளி ஆகமாட்டான் என்பது வேறு, அவனுக்கு ஏற்றது என்பது வேறு. பயந்து தூக்கம் கெட்டால் அதுவே போதுமான காரணம். அதைச் சொல்ல வன்முறை என்ற பூச்சாண்டி தேவையில்லை.

கட்டைவிரல்:
கடைசியா ஒண்ணு. கோர்ட் தீர்ப்பு வேணும்னா 2011, அமெரிக்க உச்ச நீதிமன்றம், 7-க்கு 2. சிறுவர்களுக்கு வன்முறைக் கேம் விற்கத் தடை போட்ட கலிஃபோர்னியா சட்டம் செல்லாதுன்னு வந்துச்சு. ஆய்வுகள் காரணத்தை நிரூபிக்கலைன்னு நீதிபதி ஸ்காலியா எழுதினார். ஆனா தீர்ப்பு நின்னது பேச்சுரிமை மேல, அறிவியல் மேல மட்டும் இல்லை. பத்து நிமிஷத்துல இதுக்கு அரை நிமிஷத்துக்கு மேல ஒதுக்காதீங்க, இரைச்சல் சோதனைக்கு மூணு நிமிஷம் வையுங்க.